சபைப் பதிவேடும் வீட்டுப் பெட்டியும்: தொடக்க கால அமெரிக்க உறுப்பினர்களின் சொந்த ஆவணங்கள்

அமெரிக்காவின் தொடக்க கால அரசியலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அன்றைய தலைவர்கள் எழுதியதெல்லாம் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்வார். முக்கியமானவற்றை யாரோ மறைத்துவிட்டார்கள் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு கூற்றும் தவறு, இரண்டுக்கும் வேர் ஒன்றே. சட்டமியற்றும் சபையில் உட்கார்ந்த ஒருவர் எழுதிய ஒவ்வொரு தாளும் அரசாங்கத்தின் ஆவணம் என்று நாம் எண்ணிக்கொள்வதுதான் அந்த வேர். உண்மையில் அந்தத் தாள்களில் பெரும்பகுதி ஒருநாளும் அரசாங்கத்துக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அவை எப்படி உருவாயின, யாரிடம் இருந்தன, அவற்றிலிருந்து எதைத் தெரிந்துகொள்ள முடியும் என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

திருவிழாக் குழுவின் பொருளாளர்

ஓர் ஊரில் திருவிழாக் குழு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பொருளாளர் அதே ஊரில் மளிகைக் கடையும் நடத்துகிறார். குழுவின் தீர்மான நோட்டும் ரசீதுப் புத்தகமும் குழுவுக்குச் சொந்தமானவை. பொருளாளர் மாறினால் அவை அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். ஆனால் அவருடைய கடைப் பேரேடும், வெளியூரில் இருக்கும் மகனுக்கு எழுதிய கடிதங்களும், பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணத்தைக் குறித்து வைத்த சட்டைப்பை நோட்டும் அவர் வீட்டிலேயே இருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து, பந்தல் வேலை ஏன் அவருடைய மைத்துனருக்குப் போனது என்று யாரேனும் கேட்டால், தீர்மான நோட்டில் "ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது" என்ற ஒரு வரிக்கு மேல் கிடைக்காது. காரணத்தைத் தேடுபவர் வீட்டுப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும்.

அமெரிக்கக் காங்கிரஸிலும் இதே பிரிவினைதான். மேலவையான செனட்டும் கீழவையான பிரதிநிதிகள் அவையும் தத்தம் நடவடிக்கைகளைப் பதிவேட்டில் எழுதி வைத்தன. மசோதாக்களையும் மக்கள் அனுப்பிய மனுக்களையும் சேர்த்து வைத்தன. இவை அலுவல் பதிவுகள், அதாவது சபைக்குச் சொந்தமானவை. ஓர் உறுப்பினருக்கு வந்த கடிதங்கள், அவர் எழுதிய கடிதங்களின் நகல்கள், நாட்குறிப்பு, தொழில் கணக்குகள், நிலப் பத்திரங்கள் ஆகியவற்றின் தொகுதியே சொந்த ஆவணங்கள் எனப்படுகிறது. இது உறுப்பினரின் உடைமை. அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளின் உடைமை. இது பழங்காலத்தோடு முடிந்த வழக்கமும் அல்ல. குடியரசுத் தலைவரின் ஆவணங்கள் நாட்டுக்கே சொந்தம் என்று 1978இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. காங்கிரஸ் உறுப்பினர்களின் சொந்த அலுவலகக் கோப்புகளோ இன்றும் அந்தந்த உறுப்பினரின் உடைமையாகவே கருதப்படுகின்றன.

சுருக்கமாகச் சொன்னால், சபை என்ன முடிவெடுத்தது என்பது அலுவல் பதிவில் இருக்கும். ஏன் அப்படி முடிவெடுத்தது என்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீட்டில் இருக்கும்.

ஒரே தாளில் மூன்று வாழ்க்கை

"சொந்த ஆவணம்", "தொழில் ஆவணம்", "அரசியல் ஆவணம்" என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அன்றைய மனிதர்களுக்கு அப்படிப்பட்ட பிரிவினை இல்லை. 1789இல் நியூயார்க்கில் கூடிய முதல் காங்கிரஸில் உறுப்பினருக்குக் கிடைத்த படி நாளொன்றுக்கு 6 டாலர். அலுவலக அறை கிடையாது, எழுத்தர் கிடையாது. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கென்று தனி அலுவலகக் கட்டடம் எழும்பியது 1908இல்தான். தொடக்க கால உறுப்பினர்கள் சபை நாட்களில் தங்கும் விடுதிகளில் வாடகைக்கு இருந்தார்கள். சபை கலைந்ததும் ஊருக்குத் திரும்பி வணிகத்தையோ வழக்குரைஞர் தொழிலையோ தோட்டத்தையோ கவனித்தார்கள். விடுதி அறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதப்பட்ட ஒரே கடிதத்தில், முதல் பத்தியில் வரிச் சட்டம் பற்றிய செய்தியும், இரண்டாம் பத்தியில் மாவு விலையும், மூன்றாம் பத்தியில் குழந்தையின் காய்ச்சல் பற்றிய விசாரிப்பும் இருப்பது இயல்பு. அந்தத் தாளை எந்தக் கோப்பில் வைப்பது? ஆவணக் காப்பாளர்கள் அதைப் பிரிப்பதில்லை, பிரிக்கவும் கூடாது.

அலுவல் பதிவின் மௌனம் எவ்வளவு ஆழமானது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செனட் 1795 வரை பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. பார்வையாளர் மாடம் இல்லை. செய்தியாளர்கள் உள்ளே போக முடியாது. அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் முன்மொழிவும் முடிவும் இருக்கும், வாதம் இருக்காது. அந்த அறைக்குள் 1789 முதல் 1791 வரை யார் என்ன பேசினார்கள் என்பதை இன்று நாம் விரிவாக அறிவது, பென்சில்வேனியாவின் செனட்டர் வில்லியம் மெக்லே தமக்காக எழுதி வைத்த நாட்குறிப்பால்தான். அவர் இரண்டே ஆண்டுகள் பதவியில் இருந்தவர். அடுத்த முறை தேர்ந்தெடுக்கப்படவில்லை. அவர் எழுதாமல் தூங்கியிருந்தால், அமெரிக்க மேலவையின் முதல் விவாதங்களில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது.

ஒரு கடிதம் ஆவணமாவது எப்படி

இனி உண்மையான இயக்கத்துக்கு வருவோம். கைப்பேசியில் நாம் அனுப்பிய செய்தியும் நமக்கு வந்த செய்தியும் ஒரே திரையில் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழ். நீங்கள் எழுதிய கடிதம் உங்களை விட்டுப் போய்விடும்; மற்றவர் எழுதியது மட்டுமே உங்கள் பெட்டியில் மிஞ்சும். ஆகவே ஒருவருடைய வீட்டுப் பெட்டியில் இயல்பாகக் கிடைப்பது, அவரிடம் மற்றவர்கள் பேசிய பேச்சு. அவருடைய சொந்தக் குரல் நூறு வேறு வீடுகளில் சிதறிக் கிடக்கும்.

இந்தச் சிக்கலுக்கு வணிகர்கள் கண்ட வழி நகல் ஏடு. தைத்துக் கட்டிய பெரிய ஏட்டில், அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் எழுத்தர் தேதி வாரியாகப் படியெடுத்து வைப்பார். சரக்கு கடலில் மூழ்கினாலும் வழக்கு வந்தாலும், "நான் இன்ன தேதியில் இப்படித்தான் எழுதினேன்" என்று காட்ட அது சான்று. வந்த கடிதத்தையும் அப்படியே போட்டுவிட மாட்டார்கள். அதை நீளவாக்கில் மடித்து, முதுகுப் பக்கத்தில் அனுப்பியவர் பெயர், வந்த நாள், பதில் எழுதிய நாள் மூன்றையும் குறித்துக் கட்டு கட்டி வைப்பார்கள். இதற்கு முதுகுக் குறிப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கடிதம் எழுதப்பட்ட நாளுக்கும் வந்து சேர்ந்த நாளுக்கும் இடையே உள்ள இடைவெளியை இந்தச் சிறு குறிப்பு காட்டிவிடும். ஒரு செய்தி தெரிந்த பிறகு வாக்களித்தாரா, தெரியாமலே வாக்களித்தாரா என்பது சில வேளைகளில் இதைக் கொண்டே தெளிவாகிறது.

தொழில் ஆவணங்களில் இன்னும் இரண்டை அறிந்தால் போதும். ஒன்று பேரேடு: ஒவ்வோர் ஆளின் பெயரிலும் பற்றும் வரவும் தனித்தனிப் பக்கத்தில் ஏறும் கணக்குப் புத்தகம். மற்றொன்று உண்டியல்: கோயிலில் காணிக்கை போடும் பெட்டி அல்ல, "இன்னாருக்கு இன்ன நாளில் இவ்வளவு பணம் என் கணக்கில் கொடுக்கவும்" என்று ஒரு வணிகர் வெளியூரில் உள்ள இன்னொரு வணிகருக்கு எழுதும் பணவோலை. வங்கிகள் அரிதாக இருந்த காலத்தில் கடல் தாண்டிய பணம் இந்த ஓலைகளில்தான் நகர்ந்தது. கடிதத்தில் ஒருவர் தம்மைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பேரேட்டில் அப்படி எழுத முடியாது, ஏனெனில் கணக்கு நேராகாது. இதனால்தான் பலரும் அலுப்பூட்டும் என்று ஒதுக்கும் கணக்கேடுகளை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவற்றின் பயனை 1790ஆம் ஆண்டின் கடன் விவாதம் தெளிவாகக் காட்டும். பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரின்போது படைவீரர்களுக்கும் பொருள் கொடுத்தவர்களுக்கும் பணத்துக்குப் பதிலாகக் கடன் சான்றுகள் கொடுக்கப்பட்டிருந்தன. பல ஆண்டுகள் பணம் வராததால், கையில் காசில்லாதவர்கள் அவற்றைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். 1790 ஜனவரியில் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன், இப்போது சான்றை வைத்திருப்பவருக்கே அதில் குறித்த மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்று காங்கிரஸுக்கு அறிக்கை அளித்தார். அப்படியானால் மலிவாக வாங்கி வைத்தவருக்கே லாபம். அதே மாதத்தில் மெக்லே தம் நாட்குறிப்பில், கனெக்டிகட் உறுப்பினர் ஜெரமையா வாட்ஸ்வொர்த் தென் மாநிலங்களில் இந்தச் சான்றுகளை வாங்க இரண்டு சிறு கப்பல்களை அனுப்பியிருப்பதாக எழுதினார். ஹாமில்டனின் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர் மெக்லே. அவர் எழுதியதில் காதில் விழுந்த செய்தியும் கலந்திருக்கிறது. எதிரியின் நாட்குறிப்பு ஒரு குற்றச்சாட்டு, அவ்வளவே. யார் எந்த நாளில் எவ்வளவு கடன் சான்று வாங்கினார்கள் என்பதற்கு ஆதாரம், கடன் அலுவலகப் புத்தகங்களும் வணிகர்களின் சொந்தக் கணக்குகளும் ஆகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தத் துறையின் வேலை.

ஆக, வந்த கடிதம், போன கடிதத்தின் நகல், கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு மனிதர் முழுமையாகத் தெரிவார். ஒன்று மட்டும் கிடைத்தால் பாதிதான் தெரியும்.

ஹென்றி லாரன்ஸின் கடிதங்கள்

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட, ஒருவரை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. ஹென்றி லாரன்ஸ் 1724இல் தென் கரோலினாவின் சார்லஸ்டனில் பிறந்தவர். வணிகர், நெல் தோட்ட உரிமையாளர், 1757 முதல் தம் மாகாணத்தின் சட்டமன்றத்தில் உறுப்பினர். 1777 நவம்பர் முதல் 1778 டிசம்பர் வரை, அன்றைய நாடாளுமன்றமான கண்ட காங்கிரஸின் தலைவராக இருந்தவர். கடிதம் எழுதுவதிலும் நகல் வைப்பதிலும் அவர் காட்டிய ஒழுங்கின் விளைவாக, அவருடைய ஆவணங்களிலிருந்து 1968 தொடங்கி 2003 வரை 16 தொகுதிகள் அச்சேறின.

1780இல் நெதர்லாந்திடம் கடன் பெறுவதற்காக அவர் 'மெர்க்குரி' என்ற கப்பலில் புறப்பட்டார். செப்டம்பர் 3 அன்று நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று அதை மடக்கியது. ஆவணங்கள் பகைவர் கையில் சிக்கக் கூடாதென்று அவற்றைப் பையில் போட்டுக் கனமேற்றிக் கடலில் எறிந்தார்கள். பை உடனே மூழ்கவில்லை. பிரிட்டிஷ் மாலுமிகள் கொக்கி போட்டு அதை இழுத்தெடுத்துவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஒருவர் அமெரிக்கர்களோடு பேசி எழுதிய ஓர் ஒப்பந்த வரைவு அதில் இருந்தது. அதைக் காரணம் காட்டி அந்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டன் நெதர்லாந்தின் மீது போர் தொடுத்தது. லாரன்ஸ் லண்டன் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டு, 1781இன் கடைசி நாளில்தான் வெளியே வந்தார். ஈரமான ஒரு பைத் தாள் மூன்று நாடுகளின் போக்கை மாற்றியது. அந்த வரைவு அரசாங்கம் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையே அல்ல. ஒருவர் தம்மோடு எடுத்துச் சென்ற காகிதம் மட்டுமே.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1776 ஆகஸ்ட் 14 அன்று, அவர் தம் மகன் ஜானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிமை முறையைத் தாம் வெறுப்பதாக அதில் சொல்கிறார். அதே கடிதத்தில், தம்மிடம் உள்ள அடிமைகளை நாளைக்கே ஏலம் விட்டால் 20,000 பவுண்டுக்குக் குறையாமல் கிடைக்கும் என்றும் கணக்குச் சொல்கிறார். மனச்சாட்சியும் சொத்து மதிப்பும் ஒரே மையில், ஒரே தாளில் இருக்கின்றன. முதல் வரியை மட்டும் எடுத்துக்காட்டி அவரை அறவோராகக் காட்டுபவர்களும் உண்டு. இரண்டாம் வரியை மட்டும் எடுத்துக்காட்டுபவர்களும் உண்டு. கடிதம் முழுவதையும் படிக்கும் பொறுமை வேண்டும்.

தப்பியவையும் தப்பாதவையும்

சொந்தப் பெட்டிக்கு அரசாங்கக் காவல் இல்லை என்பதால், அதன் விதி வீட்டாரின் கையில் இருந்தது. சில வேளைகளில் எழுதியவர் கையிலேயே இருந்தது. சாமுவேல் ஆடம்ஸ் பிலடெல்பியாவில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த நாட்களில், குளிர்காலத்தில் கடிதங்களைக் கைநிறைய அள்ளி நெருப்பில் போட்டதையும், நெருப்பில்லாத கோடையில் கட்டுக்கட்டாகக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிச் சன்னல் வழியே காற்றில் பறக்கவிட்டதையும், அவருடைய உறவினர் ஜான் ஆடம்ஸ் 1817இல் நினைவுகூர்ந்து எழுதினார். தமக்கு என்ன நேர்ந்தாலும் தம் கவனக்குறைவால் நண்பர்கள் துன்பப்படக் கூடாது என்பதே சாமுவேல் சொன்ன காரணம். 15 ஆண்டுகள் கண்ட காங்கிரஸின் செயலராக இருந்த சார்லஸ் தாம்சன், தாம் எழுதி வைத்திருந்த புரட்சியின் வரலாற்றைத் தாமே எரித்தார். இங்கே மறைத்தவர்கள் அரசாங்கமோ சதிக்குழுவோ அல்ல, எழுதியவர்களே.

காப்பாற்ற எண்ணியவர்களும் கெடுத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் கைப்பட எழுதி, கடைசியில் பயன்படுத்தாமல் விட்ட முதல் பதவியேற்பு உரையை, அவருடைய கடிதங்களைப் பதிப்பித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ் துண்டு துண்டாக வெட்டி, நினைவுப் பொருளாக அன்பர்களுக்குக் கொடுத்துவிட்டார். 19ஆம் நூற்றாண்டில் கையொப்பம் சேகரிக்கும் ஆர்வம் பெருகியபோது இந்தத் தொல்லை கூடியது. விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட ஜார்ஜியாவின் பட்டன் குவினெட் 1777இல் இருவர் சண்டை ஒன்றில் பட்ட காயத்தால் இறந்தார். அவருடைய கையொப்பங்களில் இன்று அறியப்படுபவை ஏறத்தாழ 50 மட்டுமே. வணிகராக இருந்தபோது அவர் ஒப்பமிட்ட சாதாரணக் கடன் சீட்டுகூடப் பெருஞ்செல்வம் ஆகிவிட்டது. சேகரிப்பவருக்குக் கையொப்பம் போதும். எந்தக் கட்டில், எந்தக் கடிதத்துக்கு அடுத்து அந்தத் தாள் இருந்தது என்பது அவருக்குத் தேவையில்லை. ஆய்வாளருக்கு அதுவே உயிர்நாடி. ஒரு தாள் யாரிடம் பிறந்து, யார் யார் கை மாறி, இன்றைய இடத்துக்கு வந்தது என்ற வரலாற்றைக் கைமாற்று வரலாறு என்பார்கள். அது அறுந்த தாள், முகவரி கிழிந்த கடிதம் போலாகிவிடும்.

நல்லபடியாக நடந்தவையும் உண்டு. 1791இலேயே பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் தொடங்கப்பட்டு, குடும்பங்களின் கடிதப் பெட்டிகளைத் தேடிச் சேர்த்தது. ஜான் ஆடம்ஸ் குடும்பத்தின் ஆவணங்கள் 1956இல் அங்கே முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. 1787இன் அரசமைப்பு மாநாடு மூடிய கதவுக்குள் நடந்தபோது நாள்தோறும் குறிப்பெடுத்தவர், பின்னர் காங்கிரஸ் உறுப்பினரும் குடியரசுத் தலைவருமான ஜேம்ஸ் மேடிசன். அந்தக் குறிப்புகளைத் தம் வாழ்நாளில் அவர் வெளியிடவில்லை. 1836இல் அவர் இறந்த பின், கடனில் தவித்த அவருடைய மனைவி டாலி மேடிசனிடமிருந்து 30,000 டாலருக்குக் காங்கிரஸ் அவற்றை வாங்கியது. 1840இல் அவை அச்சில் வந்தன. அரசமைப்பு எப்படி உருவானது என்பதற்கான முதன்மைச் சான்றையே நாடு ஒரு கைம்பெண்ணிடம் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பதைவிட, இவை தனியார் உடைமை என்ற செய்தியைத் தெளிவாக எடுத்துக்காட்டுவது வேறில்லை.

இந்தப் பகுதியில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்றுதான்: இன்று கையில் இருப்பது, அன்று எழுதப்பட்டதன் மாதிரி அல்ல. நெருப்புக்கும் கத்தரிக்கும் விற்பனைக்கும் தப்பிய மிச்சம் அது.

எழுதாதவர்களைத் தேடுவது

இந்தப் பெட்டிகளை எழுதியவர்கள் நிலமும் கல்வியும் உடைய ஆண்கள். அப்படியானால் மற்றவர்களைப் பற்றி இவை எதையும் சொல்லாதா என்று கேட்கலாம். கடிதங்கள் குறைவாகவே சொல்கின்றன. கணக்குகள் அதிகம் சொல்கின்றன. லாரன்ஸ் பங்குதாரராக இருந்த 'ஆஸ்டின் அண்டு லாரன்ஸ்' நிறுவனம், 1750களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களைச் சார்லஸ்டனில் விற்றுக் கொடுத்தது. 1756இல் 'ஹேர்' என்ற கப்பல் சியரா லியோனிலிருந்து வந்தது. அதன் உரிமையாளர்கள் ரோடு தீவின் நியூபோர்ட்டில் இருந்த வணிகர்கள். லாரன்ஸின் நகல் ஏட்டில் இந்தச் சரக்கைப் பற்றி அவர்களுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. எண்ணிக்கை, தரம், விலை எல்லாம் வரும். ஒருவர் பெயரும் வராது.

ஆனால் அந்த ஏட்டின் மறுமுனை வேறொரு வீட்டில் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று எலியாஸ் பால் என்ற தோட்ட உரிமையாளர், அந்த விற்பனையில் வாங்கியவர்களைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கப்பலின் கணக்குகள் நியூயார்க்கிலும், பால் குடும்பத்தின் தோட்ட ஏடுகள் தென் கரோலினாவிலும், லாரன்ஸின் கடிதங்கள் அச்சுத் தொகுதிகளிலும் இருக்க, ஆய்வாளர்கள் இம்மூன்றையும் தேதியால் கோத்தார்கள். அந்தக் குறிப்பேட்டின் ஒரு பெயரிலிருந்து, பிறப்பும் இறப்பும் குறித்த தோட்டப் பட்டியல்கள் வழியே, இன்று வாழும் ஒரு குடும்பம் வரை வழி தெளிந்தது. அக்குடும்பத்தின் பெண் ஒருவர் 2005இல் சியரா லியோனுக்குச் சென்றுவந்தார். எலியாஸ் பால் எழுதியது நான்கு சிறுவர்களும் இரண்டு சிறுமிகளும், 600 பவுண்டு. வயது தம் கண்ணளவுக்குத் தெரிந்தபடி என்று சொல்லி, தாமே சூட்டிய பெயர்களோடு வரிசையாகக் குறித்திருக்கிறார்: சாஞ்சோ 9, பீட்டர் 7, புரூட்டஸ் 7, ஹாரி 6, பெலிண்டா 10, பிரிசில்லா 10.